95% சேவை நிலை வைத்தும் நூல் தீர்ந்துபோகிறது: பாதுகாப்பு இருப்புக் கணக்கு

95% சேவை நிலைக்கு (100 கொள்முதல் சுழற்சியில் 95-ல் நூல் தீராமலிருக்க) 99 கிலோ பாதுகாப்பு இருப்பு, அதாவது எதிர்பாராத தேவைக்கும் தாமதத்துக்கும் வைக்கும் கூடுதல் நூல், வைத்தும் ஏன் தீர்ந்துபோகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 99 கிலோ போதாது. நீங்கள் கொடுத்த எண்களுக்கே 505 கிலோ வேண்டும்.

1.65 × 20 × √9 என்று போட்டிருக்கிறீர்கள்; 1.65 என்பது 95%-க்கான பெருக்கு எண், 9 என்பது சராசரி லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து நூல் வரும்வரை ஆகும் நாட்கள்). மில் தவறாமல் ஒன்பதாம் நாளே நூல் இறக்கினால்தான் அது சரி. லீட் டைமின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 3 நாள் என்று கேள்வியில் எழுதிவிட்டு, சூத்திரத்தில் விட்டுவிட்டீர்கள். தினத் தேவை 100 கிலோ, அதன் விலக்கம் 20 கிலோ; இரண்டு விலக்கத்தையும் சேர்த்தால்:

9 × 20² = 3,600
100² × 3² = 90,000
கூட்டல் 93,600, வர்க்கமூலம் 306, அதை 1.65-ஆல் பெருக்கினால் 505.

அந்த 90,000-ஐக் கவனியுங்கள்; அது லீட் டைமின் விலக்கத்தால் வருவது. தேவைக் கணிப்பை எவ்வளவு திருத்தினாலும் இது குறையாது. மில்லுடன் பேசி விலக்கத்தை 1 நாளாக்கினால் 192 கிலோவே போதும். என்னைக் கேட்டால், இருப்பை ஏற்றுவதைவிட முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

அந்த 3 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கடைசி 30 ஆர்டர்களை எடுத்து, ஆர்டர் போட்ட தேதியிலிருந்து தரச்சோதனை முடிந்து நூல் ஸ்டோருக்குள் வந்த தேதிவரை நாட்களை எண்ணி விலக்கம் காணுங்கள். மில் சொன்ன தேதியை எடுக்காதீர்கள். பாதி மூட்டை முதலில், மீதி பின்னால் என்று வந்திருந்தால் கடைசி லாட் வந்த தேதிதான் கணக்கு.

ஒரு எச்சரிக்கை: 3 என்பது 'அதிகபட்சம் மூன்று நாள் தாமதமாகும்' என்ற குத்துமதிப்பாக இருந்தால் 505 மிகை. தவிர, 95% என்றாலும் 100 கொள்முதல் சுழற்சியில் சுமார் 5-ல் நூல் தீரத்தான் செய்யும்.