சத்துமாவு பாக்கெட் டிசைனை வாட்ஸ்அப் ஓட்டெடுப்பு வைத்து முடிவு செய்யலாமா?

வீட்டில் சத்துமாவு அரைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்றுவந்தவர், இனி அரை கிலோ பாக்கெட்டாகப் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கப் போவதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். டிசைனர் மூன்று மாதிரி அனுப்பியிருக்கிறார். அவற்றை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அதிக ஓட்டு வாங்கியதை அச்சுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கோயம்புத்தூரில் 12 வருடமாகச் சிறிய உணவுத் தயாரிப்பாளர்களுக்குப் பாக்கெட் வடிவமைத்துக் கொடுத்துவருகிறேன். நீங்கள் செய்யப்போவதை நான் ஒரு முறை செய்து, இன்னொருவர் பணம் வீணாகக் காரணமாக இருந்திருக்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிது. சிறுதானியச் சத்துமாவு தயாரிக்கும் ஒருவருக்காக வாடிக்கையாளர் ஆய்வு நடத்தினோம். 15 பெண்களை ஒரு மண்டபத்துக்கு வரவழைத்து, டீயும் வடையும் கொடுத்து, மூன்று பவுச்சை மேஜையில் வைத்து, "இதில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது?" என்று கேட்டோம். 11 பேர் ஒரே பவுச்சைக் காட்டினார்கள். கரும்பழுப்பு நிறம், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ், தங்க நிறத்தில் பெயர். கையில் வைத்துப் பார்த்தால் உண்மையிலேயே அழகு. பவுச்சை ஆயிரக்கணக்கில் அடிக்கும் கிராவூர் அச்சில், ஒவ்வொரு நிறத்துக்கும் டிசைன் செதுக்கிய தனி உலோக உருளை, அதாவது சிலிண்டர், வெட்ட வேண்டும். வெட்டினோம், ஆயிரக்கணக்கில் பவுச் அடித்தோம்.

இரண்டு மாதம் கழித்துப் பொள்ளாச்சியில் ஒரு மளிகைக் கடைக்குப் போய் நின்றேன். ஒரே ஒரு டியூப் லைட். கல்லாவுக்குப் பின்னால், சுவரோரம், காபித்தூள் சரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பவுச் தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் சொன்னார்: "காபித்தூள்னு நெனச்சுக் கேக்கறாங்கங்க. சத்துமாவுன்னா வேண்டாம்னு திருப்பிக் குடுத்தர்றாங்க."

அந்தப் பெண்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எது அழகு என்று நாங்கள் கேட்டோம், அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார்கள். இடுப்பில் குழந்தையோடு, ஆறடி தூரத்தில், அரை வெளிச்சத்தில் நின்று எதைக் கண்டுபிடிப்பீர்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 2009 ஜனவரியில் ட்ராபிகானா ஆரஞ்சு ஜூஸ் பெட்டியை மாற்றினார்கள். ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழம் போய், ஒரு கண்ணாடி டம்ளர் ஜூஸ் வந்தது. பெயரும் படுக்கையாக இருந்ததிலிருந்து செங்குத்தாக மாறியது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. சூப்பர் மார்க்கெட்டுகள் சொந்தப் பெயரில் விற்கும் மலிவான ஜூஸ் மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைசொன்னார்கள். பிப்ரவரி மாதமே பழைய பெட்டிக்குத் திரும்பப் போவதாக அறிவித்துவிட்டார்கள். அவர்களும் ஆய்வு செய்துதான் மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். பழைய பெட்டியின் மேல் விசுவாசமான வாடிக்கையாளர்களுக்கு இருந்த பற்று அந்த ஆய்வில் தெரியவரவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. கூடை நிறையப் பொருளோடு நடந்துபோகிறவர் பெட்டியில் இருப்பதைப் படிப்பதில்லை. பழக்கப்பட்ட உருவத்தை நோக்கித் தானாகக் கை போகிறது. உங்களிடம் இப்போதே வாங்குகிறவர்கள் எந்த அடையாளத்தை வைத்து உங்கள் மாவைச் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மஞ்சள் ஸ்டிக்கரோ, உங்கள் பெயரோ, எதுவானாலும் சரி, புதிய பாக்கெட்டில் அது காணாமல் போய்விடக் கூடாது.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? வீடுகளுக்குப் போங்கள், நேராக அடுப்படிக்கு.

பொள்ளாச்சிக்குப் பிறகு நான் போன முதல் வீடு ஈரோட்டில். அந்த அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை, "எப்பவும் போலப் பிரிச்சுக் கஞ்சி வைங்கக்கா, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். கத்தரிக்கோலை எடுத்தார். நாங்கள் கூடுதல் செலவு செய்து வைத்திருந்த ஜிப் லாக்குக்குக் கீழே ஒரே வெட்டு, ஜிப் குப்பைக்குப் போனது. மாவு முழுவதையும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டினார். பிறகு பவுச்சைத் திருப்பி, செய்முறை அச்சடித்திருந்த பகுதியை மட்டும் சதுரமாக வெட்டிப் பாட்டிலுக்குள் சொருகினார். மிச்சப் பவுச், எங்கள் பெயர், காலாவதித் தேதி எல்லாம் குப்பைத் தொட்டியில். பிரித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த மாதம் கடைக்குப் போய் அவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்?

கஞ்சி வைக்கும்போது இன்னொன்று தெரிந்தது. செய்முறையில் '30 கிராம் மாவு, 200 மி.லி. தண்ணீர்' என்று போட்டிருந்தோம். அந்த வீட்டில் தராசு இல்லை, எந்த வீட்டில்தான் இருக்கிறது? குழிக்கரண்டியால் ஒன்றரை அள்ளிக் கொதிக்கும் தண்ணீரில் நேராகப் போட்டார். கட்டி தட்டியது. "உங்க மாவு கொஞ்சம் கட்டி தட்டுதுங்க" என்று தயக்கத்தோடு சொன்னார். மாவில் ஒரு குறையும் இல்லை. முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்கச் சொல்லும் வரியை ஐந்தாவது வரியாக, எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தோம்.

அடுத்த அச்சில் அந்த வரியைப் பெரிதாக்கி மேலே கொண்டுவந்தோம். கிராமை டேபிள்ஸ்பூனாகவும் டம்ளராகவும் மாற்றினோம். செய்முறையைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு, ஒரு சின்னக் கத்தரிக்கோல் படமும் வைத்தோம். அந்தக் கட்டத்துக்குள்ளேயே எங்கள் பெயரையும், தேதி அடிக்க வெள்ளை இடத்தையும் சேர்த்தோம். ஜிப்பை எடுத்துவிட்டோம், பவுச் விலை குறைந்தது. சில மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனபோது, அந்தத் துண்டு எங்கள் பெயரோடு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

எட்டு வீடு, மிஞ்சினால் பத்து வீடு போதும். என் அனுபவத்தில் ஆறாவது வீட்டுக்குமேல் பார்த்ததையேதான் பார்ப்பீர்கள். ஆனால் சொந்தக்காரர் வீடு வேண்டாம். உங்கள் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்பார்கள், குழுவில் ஓட்டுப் போடுகிறவர்களும் அப்படித்தான். வயதானவர் இருக்கும் வீடு குறைந்தது இரண்டு இருக்கட்டும். கரும்பச்சைப் பவுச்சின் மேல் கறுப்பு மையில் அடித்த தேதியை ஒரு பாட்டி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கடைசியில் பேரனைக் கூப்பிட்டதைப் பார்த்த பிறகு, வெள்ளைக் கட்டம் இல்லாமல் நான் எந்தப் பாக்கெட்டையும் அச்சுக்கு விடுவதில்லை. கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால், 'வாங்குவீர்களா?' என்று கேட்காதீர்கள், வீட்டுக்கு வந்தவரிடம் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். "கடைசியா வாங்குன சத்துமாவு பாக்கெட்டைக் காட்டுங்க, ஏன் அதை எடுத்தீங்க?" என்று கேளுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் லூயி செஸ்கின் என்பவர் போன நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்தார். உறையைப் பார்த்து வரும் உணர்வை மக்கள் உள்ளே இருக்கும் பண்டத்தின் மேல் ஏற்றிவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. செவன் அப் உறையின் பச்சையில் 15 சதவீதம் மஞ்சள் கூட்டியதும், பானத்தில் எலுமிச்சைச் சுவை தூக்கலாக இருப்பதாக மக்கள் சொன்னார்கள் என்று அவர் நிறுவனத்தார் சொல்வதுண்டு. பானத்தில் எதையும் மாற்றவில்லை. நீங்களும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றி, பக்கத்தில் வேறு வேறு நிறப் பாக்கெட்டை வையுங்கள். நான் செய்தபோது, பச்சைப் பாக்கெட் பக்கத்தில் இருந்த கஞ்சியில் முருங்கைக்கீரை வாசம் வருகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்த மாவில் கீரையே கிடையாது. குழந்தைகளுக்காக வாங்கும் மாவுக்கு அந்தப் பச்சை வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தோம்.

சட்டப்படி இருக்க வேண்டியவற்றுக்கு ஆய்வு தேவையில்லை, இடம்தான் தேவை. சைவம் என்று காட்டும் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், நிகர எடை, அதிகபட்ச விலை, எடை வரிசைப்படி சேர்மானப் பட்டியல், சத்து அட்டவணை, முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண். கோதுமை, நிலக்கடலை, பாதாம் சேர்த்தால் ஒவ்வாமை அறிவிப்பும் வேண்டும். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே தமிழிலும் போடலாம், செய்முறையையாவது கட்டாயம் தமிழில் போடுங்கள். டிசைனரிடம் இதையெல்லாம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கடைசியில் கொடுத்தால் செய்முறைக்கான இடத்தைத்தான் சுருக்குவார்.

இப்போது உங்கள் மூன்று மாதிரிக்கு வருவோம். சிலிண்டர் வெட்ட வேண்டாம், இப்போதைக்கு வெற்று பவுச்சும் ஸ்டிக்கரும் போதும். மூன்றையும் உண்மையான அளவில் கலர் பிரிண்ட் எடுத்துப் பவுச்சில் ஒட்டுங்கள். அரை கிலோ மாவு நிரப்பி சீல் செய்யுங்கள். போன் திரையில் தட்டையாகத் தெரிகிற டிசைன், மாவு நிரம்பியதும் உப்பி, ஓரத்து எழுத்துகள் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மறைந்துபோன பாக்கெட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பிறகு தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் சொல்லி, வாரத்துக்கு ஒன்றாக மற்ற சத்துமாவுகளோடு சேர்த்துத் தொங்கவிடுங்கள். மாலை ஆறு மணிக்குமேல், கூட்டமாக இருக்கும்போது, ஓரமாகப் போய் நில்லுங்கள். வருகிறவர்கள் உங்கள் பாக்கெட்டை என்ன வார்த்தை சொல்லிக் கேட்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டோடு டிசைனரைப் பாருங்கள்.