அன்று திறந்த இரும்பை அன்றே மூடிவிடுங்கள்

கேள்வி: ஐயா, என் அப்பாவிடம் 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் கார் ஒன்று இருக்கிறது. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் பணியாற்றிய ஓர் ஆஸ்திரேலியரிடமிருந்து 1983இல் வாங்கினார். 2011இலிருந்து எங்கள் வரிசை வீட்டின் போர்ச்சிலேயே நிற்கிறது. கதவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் தகரம் உதிர்கிறது. ஒரு பட்டறையில் சொன்ன தொகை என் ஓராண்டுச் சம்பளம். பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறார் மைத்துனர். அப்பாவுக்கு 78 வயது. இன்னமும் வாரந்தோறும் அதன் கண்ணாடியைத் துடைக்கிறார். எனக்கு டிரில், கிரைண்டர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. சனி, ஞாயிறுகளில் நானும் என் மகனும் வீட்டு வாசலிலேயே இதைச் சீரமைக்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, பாயான் பாரு, பினாங்கு

பதில்: முடியும். பழைய இரும்புக்காரரை இப்போதைக்கு அந்தப் பக்கம் வரவிடாதீர்கள்.

வீட்டில் வைத்துச் சீரமைக்க எம்ஜிபியைப் போல் தோதான பழைய ஸ்போர்ட்ஸ் கார் குறைவு. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட கார் அது. அதற்கான தகரப் பாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் புதிதாக அடிக்கப்படுகின்றன. முழு உடற்கூட்டையே புதிதாக வாங்கலாம். முன்பக்க மட்கார்டுகள் போல்ட்டில் நிற்பவை, கழற்றி மாட்டலாம். எனவே பாகம் கிடைக்காமல் உங்கள் வேலை நிற்காது. நின்றால் நம் ஊர்க் காற்றால்தான் நிற்கும். அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

இங்கிலாந்துக்காரர்கள் காட்டும் முறையில் காரை முழுவதும் பிரித்து, சாயத்தை மொத்தமாகச் சுரண்டி, வெற்றிரும்பாக்கிவிட்டுப் பிறகு ஒவ்வொரு பகுதியாக வேலை செய்வார்கள். அவர்களுடையது கதவடைத்த, உலர்ந்த கொட்டகை. நம்முடையது மூன்று பக்கமும் திறந்த போர்ச். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உட்கார்ந்து துருவை விரைவுபடுத்தத் தொடங்குகிறது. பினாங்கில் அது ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பாயான் பாருவுக்குக் கடலும் தொலைவில்லை. காற்றில் வரும் உப்பு அந்தப் படலத்தை மின்சாரம் நன்றாகக் கடத்தும் நீராக்கிவிடுகிறது. துரு என்பது ஒரு மின்வேதி வினை. அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நம் வானிலையே கொடுத்துவிடுகிறது.

காலையில் சுரண்டி வெள்ளி போல் பளபளத்த தகரத்தை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். மெல்லிய ஆரஞ்சுப் புழுதி படிந்திருக்கும். வெறுங்கையால் தொட்டிருந்தால் ஐந்து விரலும் பழுப்பாக அச்சடித்தது போல் தெரியும். வியர்வையின் உப்பு செய்த வேலை அது. அதன் மேல் சாயம் அடித்தால் துருவைச் சாயத்துக்குள் வைத்துப் பூட்டியதாகத்தான் பொருள்.

ஆகவே என் நிபந்தனை ஒன்றே. ஒரு நாளில் எந்த அளவு இரும்பைச் சுத்தம் செய்து, துடைத்து, எப்பாக்ஸி அடிப்பூச்சு பூசி முடிக்க முடியுமோ, அந்த அளவைத்தான் அன்று காலையில் திறக்க வேண்டும். அது உள்ளங்கை அகலம் என்றாலும் சரி. வேலையின் அளவைச் சூரியன் தீர்மானிக்கட்டும், ஆர்வம் தீர்மானிக்க வேண்டாம். நான் பார்த்தவரை, பாதியில் கைவிடப்பட்ட கார்களில் பெரும்பாலானவை ஒரே உற்சாகத்தில் முழுவதும் பிரித்துப் போடப்பட்டவை.

முதல் இரண்டு வாரங்களுக்கு எதையும் வெட்டாதீர்கள். தட்டிப் பார்ப்பது மட்டுமே வேலை. சிறு சுத்தியலாலோ ஸ்குரூடிரைவரின் பிடியாலோ அடிப்பகுதி முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். கெட்டுப்போன இடம் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் மந்தமாக ஒலிக்கும். அங்கே ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பினால், ரொட்டி சானாய் போல ஏடு ஏடாகப் பிரிந்து வரும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து நிற்பதால்தான் இரண்டு தகரங்கள் சேரும் விளிம்புகள் உப்பிப் பிளக்கின்றன. காந்தத்தைத் துணியில் சுற்றி வெளிப்பக்கத்திலும் ஓட்டிப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் பெரும்பாலும் பள்ளத்தை நிரப்பப் பூசிய புட்டிதான் இருக்கும். கண்ட இடங்களையெல்லாம் சாக்குக்கட்டியால் வட்டமிடச் சொல்லி மகனிடம் கொடுங்கள், படமும் எடுத்துவைக்கட்டும்.

எம்ஜிபியில் தேட வேண்டிய இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். முன்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டுக்குள் சேறு தங்கும் பொந்து, தரைத்தகடு, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் ஆகியவை முதலில். இருக்கைகளுக்குப் பின்னாலும் பாருங்கள். 1970 மாடலில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டு அங்கே தனித்தனிப் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும். பல ஆண்டுகளாக ஒழுகிய அமிலம் அந்தப் பெட்டிகளின் அடியைத் தின்றிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீங்கள் விரலால் அழுத்திப் பார்த்த அதே இடம். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிக் குழலைச் ‘சில்’ என்பார்கள். கூரையுள்ள காரில் பாரத்தைக் கூரையும் பங்கிட்டுக்கொள்ளும். ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லை. காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டு குழல்கள்தான். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தடுப்புத்தகடு, அடியில் ஒரு சட்டம் என்று அடுக்கு அடுக்காக அமைந்தது அது. வெளியில் ஒரு காசு அளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே ஒரு முழம் போயிருக்கும்.

கதவைச் சாத்தி, அதன் பின்விளிம்பில் தெரியும் இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதிவையுங்கள். மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். வேலை முடியும்வரை இந்த அளவுதான் உங்களுக்கு வழிகாட்டி.

இந்த அளவு எனக்கு எப்படிப் பாடமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, இதே போன்ற கூரையில்லாத கார் ஒன்றின் இரண்டு பக்கச் சில்களையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன். கதவுகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவைத்திருந்தேன். புதியவற்றை அழகாகவே ஒட்டினேன். கதவை மாட்டும்போது சாத்த முடியவில்லை. உடல் ஒரு விரற்கடை தொய்ந்த நிலையிலேயே இறுகிவிட்டிருந்தது. ஒட்டிய அத்தனையையும் மறுபடி அறுத்தெடுத்தோம். அந்த உரிமையாளரின் முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

எனவே ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கத்தில் கை வையுங்கள். வெட்டும் முன்பு, கதவு வாசலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே சதுர இரும்புக் குழாயை வெல்டு செய்து உடலைப் பூட்டிவிட வேண்டும். காரைத் தாங்கும் ஸ்டாண்டுகள் முன் சஸ்பென்ஷன் குறுக்குச் சட்டத்தின் கீழும் பின் ஆக்சிலின் கீழும் இருந்தால், சக்கரத்தில் நிற்கும்போது பாரம் இறங்குவது போலவே இறங்கும். சில்லின் நடுவில் உள்ள ஜாக் வைக்கும் இடத்தை நம்பாதீர்கள். துருப்பிடித்த எம்ஜிபியில் ஜாக் அதைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். வெறும் ஜாக்கில் நிற்கும் காரின் அடியில் நீங்களோ உங்கள் மகனோ ஒரு நிமிடம்கூடப் படுக்கக் கூடாது. போர்ச் தரை தண்ணீர் வடியச் சரிவாகத்தான் கட்டப்பட்டிருக்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

பழைய துருவின் மேல் புதுத்தகட்டைப் போர்த்தி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மலிவாகத்தான் முடியும். ஆனால் துரு உள்ளிருந்தபடியே புதுத்தகட்டையும் தின்னும், சில்லுக்குப் பலமும் திரும்பாது.

வெல்டிங் தெரியாது என்று சொல்லியிருக்கிறீர்கள். சில்லில் அதைப் பழக வேண்டாம். ஒட்டுவேலைக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைதான் நேரத்தைத் தின்பது. கழற்றுவது, வெட்டுவது, அளந்து பொருத்துவது, கிளாம்ப் போட்டு நிறுத்துவது எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். வெட்டும் முன் அந்தக் குழாயை வெல்டு செய்ய ஒரு நாள், பொருத்திய பின் சில்லை ஒட்ட ஒரு நாள் என்று, பழைய கார் வேலை தெரிந்த வெல்டர் ஒருவரை வீட்டுக்கே அழையுங்கள். பட்டறை கேட்ட தொகையில் பெரும்பகுதி உழைப்புக்கான கூலிதான். அது அப்படியே மிச்சம். பேட்டரிப் பெட்டி போன்ற சிறு ஒட்டுகளை, கழிவுத் தகட்டில் நன்றாகப் பழகிய பிறகு நீங்களே முயலலாம். திறந்த போர்ச்சில், உருகும் இரும்பைக் காற்றுப் படாமல் காக்கும் வாயுக் கவசத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

வெல்டர் வரும் முன் பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். எம்ஜிபியில் அது பின்பக்கச் சாமான் அறையின் தரைக்கு நேர் கீழே இருக்கிறது. காலித் தொட்டிதானே என்று விடாதீர்கள். ஆவி நிறைந்த காலித் தொட்டி நிறைந்த தொட்டியைவிட மோசமாக வெடிக்கும். கம்பளம், இருக்கை, அடியில் பூசிய தார் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெல்டு செய்யும் இடத்தை பிரேக் கிளீனரால் துடைக்கவே கூடாது. குளோரின் கலந்த வகை சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். ஒட்டி முடித்த பிறகு ஒரு மணி நேரமாவது அங்கேயே இருந்து, எங்காவது புகை கிளம்புகிறதா என்று பாருங்கள். பழைய பிரேக் தூசியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இனி அன்றாட வேலை. காலையில் கம்பித் தூரிகைச் சக்கரத்தால் துருவை எடுங்கள். குழிகளில் தங்கியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பயன்படும், ஆனால் அதன் மிச்சம் எப்பாக்ஸியைப் பிடிக்கவிடாமல் செய்யலாம். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி கழுவி நன்றாக உலர்த்துங்கள். நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, எண்ணெய்ப் பசையை நீக்கும் திரவத்தால் இரண்டு துணிகளைக் கொண்டு துடைக்க வேண்டும். ஈரத்துணி ஒன்று, உடனே உலர்ந்த துணி ஒன்று. வானம் கறுக்கும் முன் எப்பாக்ஸியைத் தூரிகையாலேயே பூசிவிடலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரணச் சாம்பல் நிற அடிப்பூச்சு நுண்துளை உள்ளது, ஈரத்தை உறிஞ்சும். அதை வெற்றிரும்பின் மேல் பூசாதீர்கள். கரிவடிகட்டி உள்ள முகமூடி அவசியம். இறுதி வண்ணத்தை மட்டும் சாயப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். ஸ்பிரே செய்யும் இரட்டைக் கலவைச் சாயத்தில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். அது குடியிருப்புப் பகுதிக்கு உரிய வேலையே அல்ல.

தீபாவளி மழைக் காலத்தைத் தட்டிப் பார்க்கவும் பாகம் வரவழைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில், தைப்பூசத்தை ஒட்டி வரும் உலர்ந்த வாரங்களில் சில்லைத் திறக்கலாம். காரைப் பிளாஸ்டிக் படுதாவால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும்; படுதா மேலே கூரையாக இருக்கட்டும், பக்கங்களில் காற்று ஓடட்டும். கிரைண்டர் பொறி பக்கத்து வீட்டுக் காரின் கண்ணாடியில் ஒட்டினால் போகாது, அவர்களின் சாயத்தில் துருப்புள்ளி வைக்கும். பொறி பறக்கும் பக்கம் பலகையை நிறுத்திவிட்டு, அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் மூடிய பிறகு சில்லுக்குள் குழாய்விட்டு, உட்பொந்துகளில் துருவைத் தடுக்கும் குழிமெழுகு பீய்ச்ச வேண்டும். அடியில் உள்ள வடிதுளைகள் அடைபடாமல் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது நம் ஊரில் வழக்கம்; அது மண்ணைக் கெடுப்பதோடு அடுத்த முறை வெல்டு செய்யும்போது தீப்பிடிக்கும்.

எஞ்சினை இப்போது கிளப்பிப் பார்க்கத் தோன்றும், வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு வையுங்கள், போதும். ஸ்பேனர் வாங்கும்போது அங்குல அளவில் வாங்குங்கள்; மில்லிமீட்டர் ஸ்பேனர் இந்தக் காரின் நட்டுகளை உருட்டிவிடும். சாலை வரி பல ஆண்டுகளாகக் கட்டாமல் இருப்பதால், பணத்தைச் செலவழிக்கும் முன் பதிவு அட்டையுடன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். சேசிஸ் எண் பொறித்த தகட்டின் அருகே வெட்ட வேண்டியிருந்தால் அதற்கு முன் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால், ஒரு பக்கச் சில்லுக்கே மூன்று மாதம் பிடிக்கலாம். முழு அடிப்பகுதிக்கும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டிப் பார்க்கும் முதல் சனிக்கிழமையன்று அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டு அருகிலேயே உட்காரவையுங்கள். எந்த மூலை எப்போது இடிபட்டது, எங்கே யார் புட்டி பூசினார்கள், எந்த மழையில் தரை நனைந்தது என்பதெல்லாம் காந்தத்தைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல மகன் சாக்குக்கட்டியால் குறிக்கட்டும்.