பாகிஸ்தான் 50, இந்தியா 45: எதில் குறைப்பு?

பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் சொன்ன புகைக் குறைப்பு இலக்கை எட்டாத நாட்டுக்கு அபராதம் உண்டா? (மேலூர்)

கிடையாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய உறுதிமொழி தர வேண்டும், இடையில் கணக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

2030-க்குள் பாகிஸ்தான் கரிப்புகையை (புவியைச் சூடாக்கும் வாயுக்களை) 50 சதவீதம் குறைக்குமாம், இந்தியா 45 தானாம். நாம் பின்தங்கிவிட்டோமா? (திருமங்கலம்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. எதிலிருந்து குறைப்பு என்று பார்க்காமல் சதவீதத்தைப் பேசாதீர்கள். எத்தனை முறை எழுதுவது!

பாகிஸ்தான் 2021-ல் சொன்ன 50, அவர்களே போட்ட கணிப்பிலிருந்து கழிப்பது. எதுவும் செய்யாவிட்டால் 2030-ல் சுமார் 160 கோடி டன் கரிப்புகை வெளியேறும் என்பது அந்தக் கணிப்பு. பாதியைக் கழித்தாலும் 80 கோடி மிஞ்சும். 2018-ல் அவர்கள் வெளியிட்டதே 50 கோடிக்குள்தான். ஆக, இலக்கை எட்டினாலும் புகை கூடும். அதிலும் சொந்தச் செலவில் 15, மீதி 35 வெளிநாட்டுப் பணம் வந்தால்தான். பங்களாதேஷின் 22 சதவீதமும் இதே ரகம்: சொந்தமாக 7, உதவி கிடைத்தால் 15.

நம் 45 வேறு கணக்கு. பொருளாதார உற்பத்தியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் புகையை 2005-ஐவிடக் குறைப்பது. உற்பத்தி பெருகினால் மொத்தப் புகையும் பெருகலாம், இலக்கும் நிறைவேறலாம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் முந்தி என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. பெருமைப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். முதலில் அந்தந்த நாட்டின் உறுதிமொழி அறிக்கையைப் படியுங்கள்.

மின்சாரத்தில் பாதி சுத்தமாகிவிட்டதே, தூத்துக்குடி அனல் நிலையத்தை மூடலாமா? (அண்ணா நகர், மதுரை)

முடியாது. 2025-ல் பாதியைத் தொட்டது நிறுவு திறன், அதாவது நிலையங்கள் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய அளவு. உற்பத்தியாகும் மின்சாரத்தில் நிலக்கரி அல்லாதவற்றின் பங்கு ஏறக்குறைய கால்வாசிதான். கமுதி சூரியப் பூங்கா 650 மெகாவாட் என்றாலும் ராத்திரியில் அது பூஜ்யம். இங்கேயும் அதேதான்: எதில் பாதி என்று பாருங்கள்.

நிகர பூஜ்யம் (வெளியேறும் புகையும் உறிஞ்சப்படும் புகையும் சமமாகும் நிலை) எந்த நாட்டுக்கு எப்போது? (திருப்பரங்குன்றம்)

நேபாளம் 2045, இலங்கை 2050, இந்தியா 2070. மாலத்தீவு 2030 என்றது, உதவி கிடைத்தால். பூட்டானின் காடுகள் இப்போதே அந்நாட்டின் புகையைவிட அதிகம் உறிஞ்சுகின்றன.

ஐரோப்பா போல சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாடுகளும் ஒரே உறுதிமொழி தரலாமே? (உசிலம்பட்டி)

நல்ல ஆசை. 2010 திம்பு மாநாட்டில் பருவநிலையைத்தான் முக்கியப் பொருளாக வைத்தார்கள். ஆனால் 2014 காத்மாண்டுக்கு அப்புறம் உச்சி மாநாடே கூடவில்லை. தலைவர்கள் உட்கார்ந்து பேசாமல் பொது உறுதிமொழி எங்கிருந்து வரும்?