மகன் ஏன் கூட்டுப் பக்கம் போவதில்லை?

கேள்வி: எங்கள் நான்கு மாத முயல் குட்டி மூன்று நாளாகப் பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் நொண்டுகிறது. சாப்பாடு எடுக்கிறது. கூட்டின் அடி கம்பி வலை. சத்துக் குறைவா, என்ன மருந்து கொடுக்கலாம்? எட்டு வயது மகன் அழுது கேட்டதால்தான் வாங்கினோம். “முயலுக்கு ஏதும் நடந்தால் தோலை உரிப்பேன்” என்று மகனிடம் சொல்லித்தான் என் கணவர் வாங்கிக் கொடுத்தார். இப்போது மூன்று நாளாக மகன் கூட்டுப் பக்கமே போவதில்லை, அலுத்துவிட்டது போல.
- ஒரு தாய், கல்லடி

பதில்: தங்கச்சி, முயல் நொண்டுவது மூன்று நாள். மகன் கூட்டுப் பக்கம் போகாததும் மூன்று நாள். இரண்டையும் நீங்களே எழுதிவிட்டு, சத்துக் குறைவா என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

அழுது வாங்கிய குட்டி அப்படித் திடீரென்று அலுக்காது. என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியும். அனேகமாகத் தூக்கியிருப்பான். முயலின் எலும்பு மிக லேசு, உடல் நிறையில் 8 வீதமளவுதான். பூனைக்கு 13 வீதம் வரும். பின்னங்கால் தசையோ பலமானது. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால் துள்ளி உதைக்கும், அந்த உதையிலேயே கால் முறியலாம், முதுகெலும்பும் உடையலாம். கை தவறிச் சீமெந்து நிலத்தில் விழுந்திருக்கலாம், கதவிடுக்கில் கால் அகப்பட்டிருக்கலாம். எது என்று முயல் சொல்லாது, மகன்தான் சொல்ல வேண்டும். வைத்தியர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

அவன் எப்படிச் சொல்வான்? தோலை உரிப்பேன் என்ற பேச்சோடுதானே குட்டியே வீட்டுக்கு வந்தது! அவர் வாய்க்குத்தான் சொல்வார், அடிக்க மாட்டார் என்பீர்கள். இப்படி எத்தனையோ தாய்மார் எழுதிவிட்டார்கள். எட்டு வயதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வீட்டுக்கு வந்த உயிரைப் பார்ப்பது பெரியவர்களின் கடமை. பிள்ளை கூடமாட உதவலாம், அவ்வளவுதான். அந்தப் பாரத்தை அவன் தலையில் கட்டியது நீங்கள் இருவரும்.

முதலில் கணவரிடம் பேசுங்கள். மறுகா மகனைத் தனியே கூப்பிட்டு, “அடி விழாது மனே, என்ன நடந்தது எண்டு மட்டும் சொல்லு” என்று கேளுங்கள். சொன்னபின் அடி விழக் கூடாது, ஏச்சும் கூடாது.

கம்பி வலையையும் நான் விடவில்லை. நகம் அதில் சிக்கிப் பிய்ந்திருக்கிறதா, பாதத்தில் மயிர் உதிர்ந்து சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்றே வலைமேல் பலகை போட்டு வைக்கோல் விரியுங்கள். எண்ணெய் போட்டு உருவாதீர்கள், தடி வைத்துக் கட்டாதீர்கள், பனடோல் கரைத்துப் பருக்காதீர்கள். சாப்பிடுவதால் நோவில்லை என்றும் நினைக்க வேண்டாம், முயல் நோவை மறைக்கும் பிராணி. குட்டியின் எலும்பு சீக்கிரம் பொருந்தும், கோணலாகவும் பொருந்திவிடும். அதனால் நாளைக் காலையே பெட்டியில் பழைய சாரம் விரித்து, ஓட்டோவில் அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இரண்டு பின்னங்காலும் இழுபட்டாலோ, அரை நாள் சாப்பிடாமல் புழுக்கை போடாமல் இருந்தாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம்.

மகனும் வரட்டும், அவரும் வரட்டும். நடந்ததை மகன் தன் வாயாலேயே வைத்தியரிடம் சொல்லட்டும். ஒரு கையை நெஞ்சுக்கடியில் கொடுத்து மறுகையால் பின்பக்கத்தைத் தாங்கித் தூக்கும் முறையை மூன்று பேரும் அங்கேயே கேட்டுப் பழகி வாருங்கள்.