பெல் அண்ட் செபாஸ்டியனின் சினிஸ்டர் ஆல்பத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

“தூக்கம் வருகிறது, இதை ஏன் கொண்டாடுகிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான், எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது.

1996-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து பெல் அண்ட் செபாஸ்டியன் இசைக்குழு கொண்டுவந்த 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்' ஆல்பம் இது. பிரிட்டனில் கிட்டார் இரைச்சலும் அரங்கமே அதிரும் கோரஸுமாக இருந்த நேரத்தில், இவர்கள் செல்லோ, டிரம்பெட், பியானோ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல வாசித்தார்கள்.

பாடல்களை எழுதிய ஸ்டூவர்ட் மர்டாக் நாட்பட்ட சோர்வு நோயால் பல வருடங்கள் வீட்டோடு கிடந்தவர். அப்படிக் கிடப்பவருக்கு ஜன்னல் வழியே ஊரைப் பார்ப்பதுதானே வேலை? பள்ளியில் ஓட்டப்பந்தய வீரர்களைப் பார்த்து ஏங்குகிறவர்கள், ஒரு பக்கம் புத்தகப் பூச்சிகள் என்று அத்தனை பேரும் பாட்டுக்குள் வந்துவிடுகிறார்கள்.

தலைப்புப் பாடலைக் கேளுங்கள். பின்னணியில் குழந்தைகள் விளையாடும் சத்தம், பாட்டிலோ மனம் நொந்த பிள்ளைகள், ஆறுதல் தேடிப் போனால் பாதிரியாராலும் ஒன்றும் ஆகவில்லை. இத்தனைக்கும் மர்டாக் ஒரு தேவாலயக் கூடத்தின் மாடியில் குடியிருந்து அதைப் பராமரித்தவர்! கேலியைச் சிரிக்காமல், தாலாட்டு மாதிரி பாடிவிடுவதால் இரண்டாவது தடவைதான் நமக்கு உறைக்கும்.

ஒலிப்பதிவு கொஞ்சம் சன்னம்தான். 2005-இல் லண்டன் பார்பிகன் அரங்கில் முழு ஆல்பத்தையும் மேடையில் வாசித்துப் பதிவு செய்தார்கள், அது கணீரென்று இருக்கும். ஆனாலும் எனக்கு அந்தப் பழைய சோகைப் பதிவுதான். ஹெட்போனில், பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.