ரக்தாட்சி ஆடி 18: ஆங்கிலத் தேதி

திருவையாற்றில் பிறந்த தாத்தாவின் ஜாதகத்தில் ‘ரக்தாட்சி வருஷம், ஆடி 18, சனிக்கிழமை’ என்று மட்டும் இருக்கிறது, ஆங்கிலத் தேதி வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ரக்தாட்சி 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1864, 1924, 1984. தாத்தாவுக்கு 1924தான் சரி. ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும். அந்த வருஷம் ஆகஸ்ட் 2தான் சனிக்கிழமை. ஆகவே அதுதான் தேதி.

‘பெருவெள்ளத்து வருஷப் பிள்ளை’ என்று வீட்டில் சொல்வார்கள் என்றீர்களே, அதுவும் அழகாகப் பொருந்துகிறது! அந்த ஜூலையில்தான் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. தண்ணீரைத் தேக்க அப்போது மேட்டூர் அணை கிடையாது. அது 1934இல்தான் திறக்கப்பட்டது.

தாத்தாவோடு பிறந்தவர்கள் ஜாதகத்தையும் பார்ப்பதானால் ஒன்று கவனியுங்கள்: தமிழ் வருஷம் சித்திரையில் மாறும். ரக்தாட்சி மாசி என்றிருந்தால் அது 1925. நட்சத்திரமும் எழுதியிருந்தால் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள்.