வண்டி சந்தேகங்கள்: வீட்டு சார்ஜிங்கும் அடைத்துக்கொள்ளும் டீசல் காரும்

கே: 2021-ல் வாங்கிய டீசல் கார். வீட்டிலிருந்து கடைக்கு 4 கிலோமீட்டர், திரும்பி வர 4 கிலோமீட்டர், அவ்வளவுதான் ஓட்டம். அடிக்கடி டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. சர்வீஸில் ‘டி.பி.எஃப். அடைத்துவிட்டது’ என்கிறார்கள். வண்டியே கோளாறா?
– வாசகர், கரூர்

ப: வண்டியில் கோளாறு இல்லை. உங்கள் ஓட்டத்துக்கு டீசல் கார் ஒத்துவரவில்லை.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைப்பாதையில் தேன்கூடு போல ஒரு பீங்கான் வடிகட்டி இருக்கிறது. அதுதான் டி.பி.எஃப். கரி அதில் படியும். படிந்த கரி எரிந்து போக வேண்டுமானால் அங்கே ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளிக்கும். நீங்களோ இன்ஜின் சூடேறி முடிப்பதற்குள் கடை வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். எரிப்பு பாதியில் நிற்கிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கிறது.

இன்றைக்கே டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் ‘மேக்ஸ்’ கோட்டுக்கு மேலே ஏறியிருந்து, தொட்டால் தண்ணீராக ஓடி, டீசல் வாடை அடித்தால் முதல் வேலையாக ஆயிலை மாற்றுங்கள். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேயும். டர்போ போகும்.

மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் பைபாஸுக்கு எடுத்துப் போய், ஆர்.பி.எம். 2,000-க்குக் குறையாமல், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நிற்காமல் 20 நிமிடம் ஓட்டுங்கள். விளக்கு அணைந்துவிடும். அதோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டக் கூடாது. ஸ்கேனர் வைத்து ஒர்க்‌ஷாப்பில்தான் கரியை எரிக்க வேண்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. வண்டியை நிறுத்தும்போது ஐட்லிங் (நின்ற நிலையில் இன்ஜின் சுற்றும் வேகம்) வழக்கத்தைவிட ஏறியிருந்து, அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் இரைந்தால், எரிப்பு நடந்துகொண்டிருந்தது என்று பொருள். அடுத்த முறை அப்படித் தெரிந்தால் அணைக்காமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆயிலில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த ரகத்தைத்தான் ஊற்ற வேண்டும். கரி எரிந்து போகும், ஆனால் ஆயிலின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். ‘அதைக் கழற்றிப் போட்டுவிடலாம்’ என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரர்தான் அந்தக் கரியை மூச்சில் இழுப்பார். அடுத்த கார் பெட்ரோலாகவோ மின்சாரமாகவோ இருக்கட்டும்.

கே: மின்சார கார் புக் செய்திருக்கிறோம். 25 வருட வீடு. ஏ.சி.க்குப் போட்ட 15 ஆம்பியர் பாயின்ட்டிலிருந்து ஒயர் இழுத்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?
– வாசகி, மதுரை

ப: செய்யாதீர்கள். ஏ.சி. விட்டு விட்டுத்தான் முழு மின்சாரம் இழுக்கும். கார் அப்படி இல்லை. 30 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து நிரப்ப, இழப்பையும் சேர்த்து 27 யூனிட் வரை ஆகும். 13 ஆம்பியரில், அதாவது ஏறக்குறைய 3 கிலோவாட்டில், 9 மணி நேரம். ராத்திரி முழுக்க ஒரு நொடி ஓய்வில்லாமல் அந்த பாயின்ட் சுமக்க வேண்டும். பழைய சாக்கெட்டின் உள்ளே பிளக் பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு தளர்ந்திருக்கும். தளர்ந்த இடம் சூடாகும். சூடானது இன்னும் தளரும். பிளக்கின் பின் பழுப்பேறி, சாக்கெட் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் வீங்கியிருந்தால் அடுத்தது தீ.

மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். நடுவில் எந்த இணைப்பும் வேண்டாம். 15 ஆம்பியர் சார்ஜருக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர், சுமை மீறினால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் 20 ஆம்பியரில். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 6 ஸ்கொயர், 40 ஆம்பியர் எம்.சி.பி. மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடம் 30 மீட்டருக்கு மேல் என்றால் ஒயரை ஒரு அளவு ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியரில் கட்டாயம், அதிலும் ‘ஏ’ டைப். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ‘ஏசி’ டைப். காரின் சார்ஜரிலிருந்து வரும் கசிவு எல்லாவற்றையும் அது உணராது. கடையில் கேட்கும்போது எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது எர்த். பழைய வீடுகளில் இடறுவது இங்கேதான். எர்த் சரியில்லை என்றால் பல கார்கள் சார்ஜ் ஏறவே மறுத்துவிடும். ‘கார் பழுது’ என்று ஷோரூமுக்கு ஓடுவார்கள். சார்ஜ் ஏறும்போது மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் புது எர்த் குழி தோண்டுங்கள். சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, காரை ஏமாற்றி ஏற்றிக் காட்டுகிறவர்கள் உண்டு. அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும். காலையில் ஈரக் கையோடு கதவைத் தொடுவது நீங்களோ உங்கள் பிள்ளைகளோ. இதற்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் முதல் நாள் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. பிடித்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எப்போதும் வேண்டாம். 7.2 கிலோவாட் சார்ஜர் போடுவதானால், மின்வாரியத்தில் உங்கள் இணைப்பின் லோடு எவ்வளவு என்று பார்த்து, போதாவிட்டால் முதலில் கூட்டச் சொல்லி விண்ணப்பியுங்கள்.

கே: பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்து என்கிறார் ஒருவர், 100 வரை ஏற்று என்கிறார் இன்னொருவர்.
– வாசகர், தஞ்சாவூர்

ப: இரண்டு பேர் சொல்வதும் சரி, வேறு வேறு பேட்டரிக்கு. உங்களுடையது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) ரகம் என்றால் வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றுங்கள். அந்த ரகத்தில் சார்ஜ் குறைந்தாலும் வோல்டேஜ் பெரும்பகுதி ஒரே மட்டத்தில் நிற்கும், அதனால் எவ்வளவு மிச்சம் என்பது காருக்கே குழம்பும். முழுதாக ஏறும்போதுதான் கணக்கு நேராகும். இல்லாவிட்டால் 15 சதவீதம் காட்டிக்கொண்டே வண்டி நின்றுவிடலாம். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) ரகம் என்றால் அன்றாடத்துக்கு 80 போதும், வெளியூர் கிளம்பும் அன்று மட்டும் 100. ஒரு மாதம் ஓட்டாமல் விடுவதானால் எதுவானாலும் பாதி சார்ஜில், நிழலில் நிறுத்துங்கள்.

கே: 2013 மாடல் பெட்ரோல் கார். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் 16-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது.
– வாசகர், நாகர்கோவில்

ப: அந்த மூன்றையும் எத்தனால் தின்றிருக்க முடியாது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 10 சதவீதக் கலவையிலிருந்து 20-க்கு மாறினால் லிட்டருக்கு 3 அல்லது 4 சதவீதம் குறையும், அதாவது உங்கள் 16 கிலோமீட்டரில் அரை கிலோமீட்டர் சொச்சம். மீதியை டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஆக்ஸிஜன் சென்சார் என்று வரிசையாகத் தேடுங்கள்.

ஆனால் உங்கள் கவலைக்கு வேறு காரணம் உண்டு. பொதுவாக 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களின் ரப்பர் பாகங்கள்தான் இந்தக் கலவையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்கள் காரில் பெட்ரோல் ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழத்தோ வெடித்தோ இருந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்து இழுத்து வரும், ஆகவே பெட்ரோல் ஃபில்டரையும் அடுத்த சர்வீஸுக்குக் காத்திராமல் மாற்றுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

கே: கல் பட்டு முன் கண்ணாடி மாற்றினோம். அதிலிருந்து, தானாக பிரேக் போடும் வசதி தேவையில்லாமல் பிரேக் அடிக்கிறது.
– வாசகி, கோவை

ப: அந்த வசதிக்கான கேமரா, பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால், அந்த முன் கண்ணாடியில்தான் ஒட்டியிருக்கிறது. அது ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 50 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் விலகிப் பார்க்கும். பக்கத்து வரிசை லாரியை உங்கள் எதிரில் நிற்பதாக எண்ணிக்கொள்ளும். கண்ணாடி மாற்றினால் கேமராவை அளவு சரிசெய்தே ஆக வேண்டும். சர்வீஸ் சென்டரில் குறிப்பலகை வைத்தோ, கோடு தெளிவான சாலையில் ஓட்டியோ செய்வார்கள். முடித்ததற்கான ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள், இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் அந்தச் செலவைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை மெனுவில் போய் அந்த வசதியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். காரணமில்லாமல் பிரேக் விழுந்தால் பின்னால் வருகிறவர் வந்து இடிப்பார்.